கிரகணத்துக்கு ஒரு கண்ணாடி

கிரகணம் வருகிறது என்னும் செய்தி எங்கள் கண்டமங்கலத்துப் பக்கம் எட்டிவிட்டால், அதற்கு வேண்டிய சாமான்கள் வீட்டுக்கு வீடு தாமாகவே சேர்ந்துவிடும். ஊறுகாய் ஜாடியின் மேலும் மாவுப் பாத்திரத்தின் மேலும் போட்டுவைக்கத் தர்ப்பைப் புல். தாம்பாளத்துத் தண்ணீரில் நிறுத்திப் பார்க்க உலக்கை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை உள்ளே இருத்த ஓர் அறை. கிரகணம் விட்டதும் தலைமுழுகத் தொட்டி நிறையத் தண்ணீர். இத்தனையும் கிடைக்கிற ஊரில் கிடைக்காத வஸ்து ஒன்று உண்டு என்றால், அது அந்தக் கிரகணத்தைக் கண்ணால் காண்பதற்குரிய கண்ணாடிதான். ஆகாயத்தில் நடக்கும் ஒரு வைபவத்துக்கு இவ்வளவு ஆயத்தம் செய்கிற ஜனங்கள், அந்த வைபவத்தைப் பார்ப்பதற்கென்று மட்டும் ஓர் ஏற்பாடும் செய்யாமல் இருப்பது வேடிக்கைதான் என்றாலும், அதற்காக அவர்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வருவதில்லை. சூரியனை நேரே பார்க்கத் தகுந்த சாதனம் எதுவும் கையில் இல்லாத காலத்தில், "உள்ளே போ, வெளியே தலை காட்டாதே" என்று குழந்தைகளை அதட்டிய பாட்டிமார், காரணத்தை வேறாகச் சொன்னார்களே தவிர, எத்தனையோ பேருடைய கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம். சாதனம் வந்துவிட்ட பிறகும் அதே அதட்டல் தொடர்வதைப் பற்றித்தான் எனக்கு வழக்கு உண்டு.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, வியாழக்கிழமை, மார்கழி அமாவாசையன்று காலையில் நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தை நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அரேபியாவில் சூரியோதயத்தோடு தொடங்கிய அந்த நிழற்பாதை, கடலைத் தாண்டிக் கேரளத்தின் வடகரையில் ஏறி, உதகமண்டலம், கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்று நமது மாகாணத்தைக் குறுக்கே கடந்து, இலங்கையின் வடபகுதியைத் தொட்டுக்கொண்டு, சுமத்ரா, சிங்கப்பூர்ப் பக்கமாகப் போயிற்று. சந்திரன் அன்று பூமியிலிருந்து சற்று எட்ட இருந்தமையால், அதன் வட்டம் சூரிய வட்டத்தை முழுவதும் மூடப் போதாமல், விளிம்பைச் சுற்றிலும் ஒரு நெருப்பு வளையம் மிஞ்சியது. அந்தப் பாதைக்கு வடக்கே ஒதுங்கிய எங்கள் வட்டாரத்துக்கு வளையம் கிட்டவில்லை. ஆனால், சூரியனுடைய பெரும்பங்கு மறைந்து பிறையாய் நிற்கும் காட்சி நிச்சயமாக உண்டு என்று பத்திரிகைகள் எழுதின. காலை 8 மணிக்குச் சற்றுப் பின் பிடிக்கத் தொடங்கி, 9.30 மணியை ஒட்டி உச்சத்தை அடைந்து, 11 மணிக்கு மேல் விடும் என்பது கணக்கு. அரையாண்டு விடுமுறையாதலால், என் தங்கை வீட்டுப் பிள்ளைகள் வந்து தங்கியிருந்தார்கள். "மாமா, நாங்க அதப் பாக்கணும், கண்ணாடி வாங்கிக் குடுங்க" என்று அவர்கள் பிடித்த பிடிவாதமே நான் கடைகடையாக அலைந்ததற்கு மூலகாரணம்.

எங்கள் ஊரின் பூகோளம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஓடும் சாலையில் இரண்டுக்கும் நடுவாந்தரத்தில் உள்ள ஊர் இது. தமிழ்நாட்டு எல்லையும் புதுவை எல்லையும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடப்பதால், ஒரு பக்கம் திருபுவனை, மறுபக்கம் அரியூர், வில்லியனூர் என்று, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் ராஜ்யம் மாறிவிடும். ஆகவே இரண்டு ராஜ்யத்துக் கடைகளிலும் தேடக்கூடிய பாக்கியம் எனக்கு இருந்தது. அந்தப் பாக்கியத்தால் விளைந்த பயன் அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

முதலில் போனது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. பெயரைச் சொல்வது நியாயம் அல்ல; நல்ல மனிதர். கிரகணக் கண்ணாடி என்றதும் சிறிது யோசித்துவிட்டு, உள்ளேயிருந்து கருகருவென்று ஒரு கூலிங் கிளாஸை எடுத்துவந்து, "சார், இது யூவி புரொடெக்‌ஷன் போட்டது, இதுக்கு மேல டார்க்கு எங்கயும் கிடைக்காது, தைரியமாக் கொண்டுபோங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுப்பது மெய்யாகவே இருக்கலாம். ஆனால், வெயிலில் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சுகம் தருவதற்காகச் செய்த கண்ணாடி, தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கையோ ஆறில் ஒரு பங்கையோ உள்ளே விட்டே தீரும். விடாவிட்டால் அவனுக்குச் சாலை தெரியாது. சூரியனை நேரே பார்ப்பதற்கான வடிகட்டிக்குச் சர்வதேசத் தர நிர்ணயம் விதித்திருக்கும் உச்சவரம்போ நூற்றுக்கு 0.0032, அதாவது முப்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவு. பத்தில் ஒன்றுக்கும் முப்பதாயிரத்தில் ஒன்றுக்கும் உள்ள தாரதம்மியத்தை நினைத்துப் பார்த்தால், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளலாமே என்கிறவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தபடியாக எல்லோருக்கும் தோன்றுவது வெல்டிங் கண்ணாடி. விழுப்புரம் சாலையில் லேத்துப் பட்டறைகளுக்கும் வெல்டிங் பட்டறைகளுக்கும் குறைவில்லை. கரும்பு டிராக்டரின் டிரெய்லருக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்.

"போன கிரகணத்துக்கும் நாலு பேரு வந்து வாங்கிட்டுப் போனாங்க சார். இது பதினொண்ணாம் நம்பரு. சில பேரு பத்தே போட்டுப் பாக்கறாங்க."

"பதினாலு இருக்குமா?"

"பதினாலா? அதப் போட்டா ராடு எங்க இருக்குன்னே தெரியாது சார். இந்த வேலைக்கு யாரும் வாங்கறதில்ல."

அவர் சொன்னதில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. வெல்டிங் கண்ணாடியின் நம்பர் ஒன்று ஏறுந்தோறும் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. பத்தாம் நம்பர், மேலே சொன்ன உச்சவரம்பைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை விட்டுவிடும். பதினொன்றும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். பன்னிரண்டிலிருந்துதான் வரம்புக்கு உட்படும். பதினான்கில் சூரியன் பச்சை நிறத்தில் உறுத்தாமல் நிற்கும். ஆக, பட்டறைக்கு உதவுகிற கண்ணாடி சூரியனுக்கு உதவாது. சூரியனுக்கு உதவுகிறதைப் பட்டறைக்காரர் வாங்கிவைக்க மாட்டார். பெரிய ஹார்ட்வேர் கடைகளில் சொல்லிவைத்தால் பதினான்கு வரவழைத்துத் தருவார்கள். ஆனால், கையில் கொடுக்கப்படுவது பதினான்குதானா என்பதற்கு அதன் மூலையில் அச்சிட்ட நம்பரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அச்சு தேய்ந்து நம்பர் தெரியாத கண்ணாடியை, எவ்வளவு கறுப்பாயிருந்தாலும், தொடாமல் இருப்பதே உத்தமம்.

இதற்குள் நான் கண்ணாடி தேடுகிற செய்தி உறவினர் மத்தியில் பரவிவிட்டது. ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். சின்னம்மா தம் முழங்காலின் எக்ஸ்ரேயை உறையோடு அனுப்பிவைத்தார். பக்கத்து வீட்டுத் தம்பி பழைய சினிமா சி.டி. ஒன்றைத் துடைத்துக் கொடுத்தான். கலியாணப் படங்களின் நெகடிவ் ஒரு வீட்டிலிருந்து வந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் மேல் சில்லுக் கண்ணாடியைக் காட்டிக் கரிபிடிக்க வைக்கும் பழைய வித்தையை ஒரு பெரியவர் எனக்குச் செய்தே காண்பித்தார். சாணி கரைத்த தண்ணீரில் பிம்பத்தைப் பார்க்கலாமே என்றார் இன்னொருவர். அன்பின் மிகுதியால் வந்த யோசனைகளாகையால் எதையும் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க முடியவில்லை. ஆனால், எக்ஸ்ரேயில் எலும்பு இருக்கும் இடம் வெளுப்பு, இல்லாத இடம் கறுப்பு. சின்னம்மாவின் முழங்கால் வழியே சூரியனைப் பார்ப்பதற்கு எந்த வைத்தியரும் சிபாரிசு செய்யமாட்டார். சி.டி.யில் பூசிய அலுமினியப் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருப்பதில்லை. வர்ண நெகடிவில் வெள்ளியே கிடையாது, வெறும் சாயம். கரிபிடித்த கண்ணாடியில் விரல் பட்ட இடமெல்லாம் ஓட்டை. தண்ணீரில் தெரியும் பிம்பமோ கண்கூசும் சூரியனே அன்றி வேறல்ல.

இருட்டு வேறு, காப்பு வேறு என்பதை நம்மவர்க்கு உணர்த்துவதுதான் இதில் மிகவும் சிரமமான காரியம். கூச்சம் தெரியவில்லை என்றால் அபாயமும் இல்லை என்று மனிதன் நம்பிவிடுகிறான். அந்த நம்பிக்கை மற்ற எல்லா அவயவங்களுக்கும் ஓரளவு பொருந்தும், கண்ணுக்குப் பொருந்தாது. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லை. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கும் பிள்ளை விளையாட்டைப் போன்றதுதான் இந்தச் சேதமும் என்று பலர் சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. காகிதம் உடனே புகைகிறது, விழித்திரையில் நடப்பது பெரும்பாலும் சூட்டினால் அல்ல, ஒளியினால் உயிரணுக்களுக்குள் மெல்ல மூளும் ரசாயன விபரீதத்தினால். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் நாம் உபயோகிக்கிற நடுப்பார்வை விழித்திரையின் மையத்திலுள்ள ஒரு சிறு குழியைப் பொறுத்தது. சூரியனை உற்றுப் பார்க்கிறவன் அதன் பிம்பத்தைச் சரியாக அந்தக் குழியின் மேல்தான் வைக்கிறான். காலையில் பார்த்தவனுக்குச் சாயங்காலமோ மறுநாளோதான் நடுவில் ஒரு கறை தென்படும். சிலருக்கு அது சில மாதங்களில் தெளிகிறது, சிலருக்கு நிலைத்துவிடுகிறது, நிச்சயமாகக் குணப்படுத்த மருந்து இல்லை. தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் கோரிமேட்டில் ஜிப்மரும் கூப்பிடு தூரத்தில் இருப்பது எங்களுக்குப் பெரிய அனுகூலந்தான். ஆனால், அங்கே போய்ச் செய்துகொள்ளக்கூடியது பரிசோதனையே அன்றிப் பரிகாரம் அல்ல.

கிரகண காலத்துச் சூரியன் மற்ற நாளைவிடக் கொடியது என்பதும், விஷக் கதிர் ஏதோ ஒன்று அன்றைக்கு மட்டும் புறப்படுகிறது என்பதும் வீண் பேச்சு. அது என்றைக்கும் உள்ள சூரியனே. மற்ற நாள்களில் நாம் அதை உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தால் கண் தானே மூடிக்கொள்ளும். கிரகணத்தன்று வெளிச்சம் மங்கியிருப்பதால் கண்மணி விரிகிறது, கூச்சம் குறைகிறது, ஆசை கூடுகிறது. மிஞ்சி நிற்கும் பிறையின் ஒவ்வொரு துணுக்கும் முன்னிருந்த பிரகாசத்தோடேயே இருக்கிறது. முழுச் சூரிய கிரகணத்தில் சந்திரன் சூரியனை அறவே மூடிவிடும் அந்தச் சில நிமிஷங்கள் மட்டும் வெறுங்கண்ணுக்கு அனுமதி உண்டு. கங்கண கிரகணத்திலும் அரைகுறைக் கிரகணத்திலும் அப்படிப்பட்ட சலுகை ஒரு விநாடிகூடக் கிடையாது.

கடைசியில் கண்ணாடி கிடைத்தது கடையில் அல்ல. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்த அன்பர்கள் அந்தக் கிரகணத்துக்கென்று பல மாவட்டங்களில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சென்று பிரசாரம் செய்து, அட்டைச் சட்டத்தில் வடிகட்டித் தாள் ஒட்டிய சூரியக் கண்ணாடிகளை மலிவான விலைக்குக் கொடுத்துவந்தார்கள் என்பது அந்நாளில் பலரும் அறிந்தது. ஆசிரியராயிருக்கும் நண்பர் ஒருவர் மூலமாக அவற்றில் சில என் கைக்கு வந்தன. இந்த இயக்கத்தார் இன்று செய்வது, ஒரு விதத்தில் பழைய பரம்பரையின் தொடர்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது: சென்னை வானாய்வகத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரிய பிம்பத்தின் குறுக்கே நகர்ந்தபோது, அதைப் பற்றிச் சாமானியருக்குப் புரியும்படி தேசபாஷைகளில் சிறு நூல் வெளியிட்டு, பஞ்சாங்கத்தைப் பற்றிய வாதங்களுக்கும் அஞ்சாமல் நின்றவர்.

கிடைத்த கண்ணாடியை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. யார் கொடுத்தார்கள் என்பது முதற்பிரமாணம். நாமே செய்துபார்ப்பது இரண்டாவது. அட்டையில், முன்பு சொன்ன சர்வதேசத் தரத்தின் எண்ணாகிய ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று அச்சிட்டிருப்பது நல்ல அடையாளந்தான், ஆனால் அச்சு அடிப்பதற்குத் தரம் வேண்டியதில்லை, மையிருந்தால் போதும். 2017 ஆகஸ்டில் அமெரிக்கா முழுவதும் கிரகணம் பார்க்கத் திரண்டபோது, அந்த எண்ணைப் பொய்யாகப் போட்ட கண்ணாடிகள் சந்தையில் பெருகியதால், எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குங்கள் என்று அந்நாட்டு வானியல் சங்கமே தன் ஆலோசனையை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இணையக் கடையில் படத்தைப் பார்த்து வாங்குகிற நம்மவர் இதை ஞாபகத்தில் வைப்பது நல்லது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை இதுதான்: கண்ணாடியை அணிந்துகொண்டு வீட்டுக்குள் சுற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியக்கூடாது, மேசை, ஜன்னல், எதிரே நிற்கும் ஆள் எல்லாம் மறைந்துவிட வேண்டும். வெகு பிரகாசமான எல்.இ.டி. பல்பைக் கிட்டத்தில் பிடித்தால் மங்கலான ஒரு பொட்டு தெரியலாம், அவ்வளவே. பிறகு அதே பல்புக்கு நேரே கண்ணாடியைக் கையில் பிடித்து, தாளில் ஊசித்துளையோ கீறலோ மடிப்போ உண்டா என்று தேட வேண்டும். ஒன்று இருந்தாலும் குப்பைத்தொட்டிக்குத்தான். கரிச்சத்துக் கலந்த கறுப்புப் பாலிமர் தாளில் சூரியன் ஆரஞ்சு நிறமாகவும், அலுமினியம் பூசிய மைலார் தாளில் நீலம் பாய்ந்த வெண்மையாகவும் தெரியும். நிறம் எதுவானாலும், விளிம்பு கூர்மையாகவும் சுற்றிலும் ஆகாயம் கறுப்பாகவும் இருக்க வேண்டும், கண்ணில் நீர் வரக்கூடாது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதற்கு மேலேயே இதைப் பிடித்துக்கொள்ளலாம். இன்னொன்றைச் சற்று உரக்கவே சொல்கிறேன்: இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரிலோ தொலைநோக்கியிலோ பார்த்தால், குவிந்து வரும் சூடு தாளைப் பொத்துக்கொண்டு கண்ணுக்குப் போய்விடும். கருவிக்கு வடிகட்டி அதன் முன்வாயில்தான் போட வேண்டும்.

கண்ணாடி கிடைத்தவுடன் எனக்கு வேறொரு கவலை பிறந்தது. மார்கழி மாதத்து மேகம். எங்களுக்குக் கிழக்கே, பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியில், மேகத்தால் ஒரு மனிதர் பட்ட பாட்டை அறிந்தவர்கள் யாரும் ஆகாயத்தை நம்பமாட்டார்கள். லெ ஜெந்தீல் என்னும் பிரெஞ்சு வானியலறிஞர், 1761-இல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடப்பதைப் பார்க்கப் புதுவைக்குப் புறப்பட்டு வந்தார்; வழியிலேயே அவ்வூர் ஆங்கிலேயர் வசமாகிவிட்ட சேதி கிடைத்துக் கப்பல் திரும்பியது, நடுக்கடலில் ஆடும் தட்டின் மேலிருந்து உருப்படியான அளவு எதுவும் எடுக்க முடியவில்லை. அடுத்த நிகழ்ச்சி எட்டு வருஷம் கழித்து என்பதால், ஊர் திரும்பாமல் இந்தச் சமுத்திரப் பிரதேசத்திலேயே தங்கி, 1768-இல் புதுவைக்கு வந்து சேர்ந்து, யுத்தத்தில் இடிந்த கோட்டையின் சிதைவுகளின் மேல் ஒரு வானாய்வகத்தையும் கட்டிக்கொண்டார். முன்பு பகைவராயிருந்த சென்னை ஆங்கிலேயரே அவருக்கு நல்லதொரு தொலைநோக்கியை அனுப்பி உபகரித்தார்கள். நாள்கணக்கில் வானம் நிர்மலமாயிருந்தது. 1769 ஜூன் 4-ஆம் தேதி விடியற்காலையில், சரியாகச் சுக்கிரன் கடக்கும் வேளைக்கு மேகம் வந்து மூடி, காரியம் முடிந்த பிறகு விலகியது. அவர் பிரான்சுக்குத் திரும்பிச் சேர்ந்தபோது, இறந்துபோனவராகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள்.

அந்த மனிதர் இங்கே சும்மா இருக்கவில்லை என்பதுதான் எனக்கு அவர்மேல் பிரியம் உண்டாகக் காரணம். தமிழ்க் கணிதர்களிடம் உட்கார்ந்து நம் கிரகண கணிதத்தைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30-இல் நேர்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை நம்மவர் முறைப்படிக் கணித்ததில் 41 விநாடிதான் குறைந்தது என்றும், அந்நாளில் ஐரோப்பாவில் பேர்பெற்ற மேயரின் வாய்பாடு 68 விநாடி கூடுதலாகக் காட்டியது என்றும் பதிவு இருக்கிறது. பின்னர் 1825-இல் ஜான் வாரன் வெளியிட்ட 'கால சங்கலித' நூலிலும், புதுவைப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஏட்டில் எழுதாமல், சோழிகளைத் தரையில் பரப்பியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய விவரம் வருகிறது. கிரகணம் இன்ன நாழிகையில் பிடிக்கும் என்று சோழியை நகர்த்திச் சொல்லிவிடக்கூடியவர்கள் வாழ்ந்த பிரதேசத்தில், அதே கிரகணம் பிடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டோம். கணக்கு நம்மிடம் இருந்தது, கண்ணாடி இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்று காலையில் மேகம் விட்டு விட்டு மறைத்ததே ஒழிய மோசம் செய்யவில்லை. மொட்டைமாடியில் பிள்ளைகள் கண்ணாடியைக் கைமாற்றிக்கொண்டு பார்த்தார்கள். கண்ணாடியை முகத்தில் பொருத்திக்கொண்ட பிறகே தலையை நிமிர்த்துவது, குனிந்த பிறகே எடுப்பது என்ற ஒரே விதியைத்தான் நான் அவர்களுக்கு வைத்தேன். தெருவில் பாதி வீடுகள் சாத்திக் கிடந்தன. நாலாவது வீட்டு வாசலில் உலக்கை தாம்பாளத்தில் நிமிர்ந்து நின்றது. (அடிப்பூண் தட்டையாயிருக்கும் உலக்கை எந்த நாளிலும் நிற்கும், வேண்டுமானால் அடுத்த செவ்வாய்க்கிழமை நிறுத்திப் பாருங்கள்.) 9.30 மணி சுமாருக்கு வெயில் வெளிறி, ஒரு மாதிரி ஈயப்பூச்சு நிறமாயிற்று. எக்ஸ்ரே அனுப்பிய சின்னம்மா, கொல்லைக் கதவோரமாக நின்றுகொண்டு, "எனக்கும் ஒருவாட்டி குடுங்கடா" என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தினிக்கூண்டுதானா?" என்றார். ஆகாயத்தில் சூரியன் எவ்வளவு சிறியது என்பது அதை நிதானமாகப் பார்த்தவர்க்கே தெரியும்.

கண்ணாடியே கிடைக்காதவர்கள் என்ன செய்வது என்பதற்கு என் சிறுவயதில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980 பிப்ரவரி 16-ஆம் தேதி பிற்பகல், கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் முழுக் கிரகணம், நம் பக்கம் அரைகுறைக் கிரகணம். தெருவில் ஈ காக்கை இல்லை. ஆயா எங்களையெல்லாம் ஓட்டு வீட்டின் நடுவறையில் போட்டு, ஜன்னலைச் சாக்கால் அடைத்துவிட்டார். மேற்கு ஓட்டில் விரிசல் ஒன்று இருந்தது. அதன் வழியே வந்த கிரணம் சாணம் மெழுகிய தரையில் ஒரு வட்டத்தை எப்போதும் இடும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் ஒரு பக்கமாய்த் தேய்ந்து, மாங்கீற்றாகி, மறுபடியும் வளர்ந்தது. கிரகணத்தைப் பார்க்கக்கூடாதென்று அடைத்த அறைக்குள்ளேயே ஆயாவும் சேர்ந்து அதை ஆதியோடந்தமாகப் பார்த்துவிட்டார். ஒருவர் கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஊசித்துளைப் படம் என்பது இதுவே. அட்டையில் ஒரு சிறு துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே விழும் ஒளியைத் தரையிலோ வெள்ளைத் தாளிலோ பார்க்க வேண்டும். துளை வழியே சூரியனைப் பார்க்கக்கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டால் யாராவது ஒருவர் பார்த்தே தீருவார். ஒரு மீட்டர் தூரத்துக்குப் பிம்பம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விழும். பெரிதாக வேண்டுமானால் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நகம் அளவு ஒரு துவாரம் மட்டும் விட்டு, அதை ஒரு பந்தின் மேல் ஒட்டிக் கிண்ணத்தில் உட்காரவைத்து, வெயிலை இருட்டறையின் சுவருக்குத் திருப்பிவிடலாம். 11 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் சூரியன் கிடைக்கும், வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பார்க்கலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் வேப்பமரத்து நிழல் போதும், ஜல்லிக்கரண்டி போதும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பிறை. என்றாலும், இது போதுமே, கண்ணாடி எதற்கு என்று கேட்கிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. சாமி ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டவன் வீதிக்கு வராமல் இருக்கிறானா? நேரே பார்க்க வேண்டும் என்னும் ஆசை நியாயமானது. அதற்கு உரிய சாதனத்தைக் கையில் கொடுப்பதுதான் பெரியவர்கள் கடமை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் 2027 ஆகஸ்டு 2. அன்று எகிப்தின் லக்சர் நகரத்தருகே ஆறு நிமிஷத்துக்கு மேல் நீடிக்கப்போகும் முழுக் கிரகணம், நமக்கு மாலை வேளையில், சூரியன் மேற்கே இறங்கும்போது, ஓர் ஓரம் கடிபட்டதாகத் தெரியும். ஆடி அமாவாசை வேறு. தர்ப்பணம் கொடுக்கக் கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் வருகிறவர்கள் ஏராளமாயிருப்பார்கள். பள்ளித் தலைமையாசிரியர்கள் ஆடி பிறந்த பிறகு தேடத் தொடங்கினால் எனக்குக் கிடைத்த கூலிங் கிளாஸும் பதினொன்றாம் நம்பரும்தான் கிடைக்கும். நாலைந்து பள்ளிகள் சேர்ந்து சித்திரையிலேயே அறிவியல் இயக்கத்தாரிடமோ, சென்னைக் கோட்டூர்புரத்து அறிவியல் தொழில்நுட்ப மையத்திலோ, லாசுப்பேட்டைக் கோளரங்கத்திலோ விசாரித்துவைப்பது நல்லது. பார்ப்பதற்கு மேற்குத் திசை திறந்த ஏரிக்கரை சிலாக்கியம். அடிவானத்தை நெருங்க நெருங்கச் சூரியன் சிவந்து சாதுவாகத் தோன்றும், அதை நம்பிக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.

மூன்று வருஷத்துக்கு மேல் பழகிய கண்ணாடியை எறிந்துவிட வேண்டும் என்று சில அட்டைகளில் எழுதியிருக்கும். இன்றைய தரத்துக்கு உட்பட்ட தாளுக்கு அந்தக் கெடு இல்லை. கீறலும் மடிப்பும் இல்லாமல் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தினால் போதும். 2031 மே 21-இல் கேரளத்தையும் நம் தென் மாவட்டங்களையும் வட இலங்கையையும் மறுபடி ஒரு கங்கண கிரகணம் கடக்கப்போகிறது. 2027-க்கு வாங்கியது அதற்கும் உதவும். அப்போது புதிதாக வாங்க வேண்டியது தெற்கே போகிற பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்டு மாத்திரந்தான்.